பத்துப் புளியங்கொட்டையும் அரை மணித்தியாலப் பாட்டும்: மனம் கனத்த கர்ப்பிணிகளுக்கு இசைத்துணை, வன்னிக்கான வழிகாட்டி

இரவில் நித்திரை இல்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறார். கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறார், கண் கலங்குகிறது. ‘நல்ல பாட்டாகப் போட்டுக் கேள் பிள்ளை’ என்று யாரோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். சொன்னதில் பிழையில்லை. எந்தப் பாட்டு, எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம், பாட்டுக் கேட்டு அழுகை வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அதற்கே இந்த வழிகாட்டி. மனம் கனத்திருக்கும் தாயும், அவருக்குத் துணையாக இருக்கும் அம்மா, சகோதரி, குடும்பநல மாது, தாய்மார் குழுத் தொண்டர் ஆகியோரும் இதைப் பயன்படுத்தலாம்.

இசைச் சிகிச்சை என்பது அதற்கெனப் பயின்ற ஒருவர் ஆளைப் பார்த்து, திட்டமிட்டு, பக்கத்தில் இருந்து செய்வது. வீட்டிலும் கிளினிக் மரநிழலிலும் நாம் செய்யக்கூடியது அதன் ஒரு பகுதி மட்டுமே. இதை இசைத்துணை என்று சொல்வதே பொருத்தம். ஆனாலும் இந்தப் பகுதிக்கும் பலன் உண்டு. தாய்வானில் 236 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வொன்று 2008 இல் வெளியானது. ஒரு பகுதியினர் இரண்டு வாரம், நாளுக்கு ஏறக்குறைய அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்டார்கள். அவர்களுக்கு மன அழுத்தமும் பதற்றமும் சோர்வும் மற்றவர்களைவிடக் குறைந்தன. கேட்டவை தாலாட்டு, இயற்கை ஒலி, சிறுவர் பாட்டு போன்ற அமைதியானவை. கீழே வரும் ‘அரை மணி, இரண்டு வாரம்’ என்ற கணக்கு அதிலிருந்து வந்தது.

முதலில், பாட்டு வேண்டாத இடங்கள்

பிள்ளையின் அசைவு குறைந்தால், இரத்தம் பட்டால், நீர் உடைந்தால், கடும் தலையிடியோடு கண் மங்கினால் பாட்டுப் போட்டுப் படுக்க வைக்காதீர்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை எடுங்கள். சாக வேண்டும் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், யாருக்கும் கேட்காத குரல் அவருக்குக் கேட்டால், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போக வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவில் காட்டலாம். போகும் வரைக்கும் அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926. வீட்டில் அடி உதை இருந்தால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அடி வாங்குகிறவருக்குத் தாலாட்டுப் போட்டுக் கொடுப்பது உதவி ஆகாது.

இரத்தச் சோகையும் தைரொயிட் குறைபாடும் மனச் சோர்வு போலவே தோற்றம் காட்டும். கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11 இற்குக் கீழே இருந்தால் அது சோகை. ஆகவே கிளினிக் அட்டையில் இரத்தப் பரிசோதனை முடிவை முதலில் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைந்து களைத்திருப்பவருக்கு நீலாம்பரி ராகம் மருந்தாகாது.

மனச் சோர்வைக் கண்டறிய எடின்பரோ வினாக்கொத்து என்று ஒன்று உண்டு. பிரசவித்த தாய்மாருக்காக 1987 இல் உருவானது, கர்ப்பிணிகளிடமும் கேட்கிறார்கள். கடந்த ஏழு நாளைப் பற்றிய பத்துக் கேள்விகள், மொத்தப் புள்ளி 30. பத்தாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தப் புள்ளி எதுவானாலும், அந்தக் கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ தவிர வேறு பதில் வந்தால் உடனே பயிற்சி பெற்ற ஒருவர் அவரோடு இருந்து கதைக்க வேண்டும்.

பாரத்தை அளப்பது

பத்துப் புளியங்கொட்டையை ஒரு சிரட்டையில் போட்டுக் கொடுங்கள். ‘இப்ப நெஞ்சில எவ்வளவு பாரம்? அவ்வளவு கொட்டையை எடுத்து வெளியில வையுங்கோ.’ ஒன்றும் இல்லையென்றால் பூச்சியம், தாங்க முடியாது என்றால் பத்து. ‘எண்ணில் சொல்லுங்கோ’ என்று கேட்டால் பெரும்பாலானோர் நடுவில் ஐந்தைச் சொல்லித் தப்பிவிடுவார்கள். கொட்டை கைக்கு வந்தால் கொஞ்சம் யோசித்து வைப்பார்கள். பாட்டுக்கு முன் ஒரு தரம், பின் ஒரு தரம். பழைய கொப்பி ஒன்றில் திகதி, முன், பின், கேட்ட பாட்டு என்று நான்கு நிரல் கீறி எழுதுங்கள். இரண்டு வாரத்தில் இந்தக் கொப்பி சொல்லும் விடயம் எந்த அறிவுரையைவிடவும் பெறுமதியானது.

பாட்டைத் தெரிவது

பாட்டுக்களைத் தாயே தெரிய வேண்டும். ‘கர்ப்பிணிகளுக்கான இசை’ என்று இணையத்தில் கிடக்கும் எட்டு மணித்தியாலப் புல்லாங்குழல் ஒருவருக்கு அமைதியைத் தரும், இன்னொருவருக்குச் செத்தவீட்டை நினைவூட்டும். இந்த ராகம் இந்த நோய்க்கு என்று அட்டவணை போட்டுத் தருகிறவர்களையும் நம்ப வேண்டாம். நீலாம்பரி, ஆனந்தபைரவி, யதுகுலகாம்போதி எல்லாம் தாலாட்டுக்குப் பழகிய ராகங்கள், கேட்க இதமானவை. அதற்கு மேல் அவற்றுக்கு மந்திரம் எதுவும் இல்லை.

ஆறுதலாக இருந்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். சின்ன வயதில் வீட்டில் யார் பாடினார்கள், என்ன பாடினார்கள்? பள்ளிக்கூடத்தில், கோயிலில், தேவாலயத்தில் எந்தப் பாட்டு மனதில் நின்றது? வேலை செய்யும்போது வாய் தானாக எதை முணுமுணுக்கும்? எந்தப் பாட்டு வந்தால் ரேடியோவை நிற்பாட்டுவீர்கள்? எந்தச் சத்தம் வந்தால் நெஞ்சு திக்கென்று அடிக்கும்?

வன்னியில் கடைசி இரண்டு கேள்விகளை ஒருக்காலும் தவிர்க்கக் கூடாது. இன்றைக்கு இருபதுகளின் நடுவில் பிள்ளையைச் சுமப்பவர் போர் முடிந்த 2009 மேயில் பத்து வயதுக்குக் கிட்டிய பிள்ளை. புதுக்குடியிருப்பில், இரணைப்பாலையில், முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் இருந்த காலத்து ஒலிகள் உடம்பில் பதிந்து கிடக்கும். தாழப் பறக்கும் விமானம், திருவிழா வெடி, மோட்டார் சைக்கிள் புகைக்குழாய் வெடிப்பு, பறைமேளம், அந்த நாளில் ஒலிபரப்பான பாட்டுக்கள் எல்லாம் அந்த ஒலிகளை எழுப்பக்கூடும். கேள்விக்குப் பதில் வராவிட்டால் தோண்டாதீர்கள். ‘பிடிக்காது’ என்ற ஒரு சொல் போதும், அந்தப் பாட்டைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடலாம்.

தேவாரம், வேதக் கீதம், பைத், பழைய சினிமாப் பாட்டு, அம்மன் பாட்டு, கூத்துப் பாட்டு எதுவாகவும் இருக்கலாம். இளம் தாய்மார் குத்துப்பாட்டுக் கேட்டாலும் முகத்தைச் சுளிக்காதீர்கள். மாமியின் விருப்பத்துக்கு ஏற்பத் தொகுத்த பட்டியல் மாமிக்குத்தான் சுகம் தரும்.

அடுக்கும் முறை

பதறிக்கொண்டிருப்பவருக்கு எடுத்த எடுப்பில் மெல்லிய தாலாட்டைப் போட்டால் எரிச்சல்தான் வரும். மனம் இருக்கும் இடத்துக்குப் பாட்டு முதலில் போக வேண்டும், பிறகு அங்கிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். இசைச் சிகிச்சையாளர்கள் 1940 களில் இருந்து கைக்கொள்ளும் முறை இது.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். பாட்டுக்குத் தொடையில் தாளம் தட்டி, 15 விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 17 தட்டு வந்தால் நிமிடத்துக்கு 68. சில பாட்டுக்கு ஒருவர் 60 என்பார், மற்றவர் 120 என்பார். தாயின் உடம்பு எந்தத் தட்டுக்கு ஆடுகிறதோ அதுவே கணக்கு.

படபடப்பு, பயம், ஓயாத யோசனை உள்ளவருக்கு 95 முதல் 105 வரையான இரண்டு பாட்டில் தொடங்கி, 80 இற்கு வந்து, கடைசி இரண்டு பாட்டையும் 60 முதல் 70 இல் முடிக்கலாம். ஒரு பாட்டு நாலைந்து நிமிடம் என்றால் ஆறு பாட்டு, ஏறக்குறைய அரை மணித்தியாலம்.

சோர்ந்து, மரத்து, எதிலும் பற்றில்லாமல் கிடப்பவருக்கு அடுக்கு மறுவளமாக வர வேண்டும். பலர் பிழை விடும் இடம் இதுதான். ஏற்கெனவே படுக்கையை விட்டு எழும்ப மாட்டாதவரை இன்னும் தூங்க வைக்கிறார்கள். மெல்லிய, கொஞ்சம் சோகமான பாட்டில் தொடங்கி, 85 அல்லது 90 இல் மனதைச் சற்றே தூக்கும் பாட்டில் முடியுங்கள். முடிந்ததும் முற்றத்தில் நாலு அடி நடக்கச் சொல்லுங்கள்.

பாட்டுக்களைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் நேரே ஓட விட்டால் நடுவில் கடன் விளம்பரம் கத்தும், அல்லது தானாக வரும் அடுத்த பாட்டு எல்லாவற்றையும் குழப்பும். நுண்கடன்காரரின் அழைப்புக்குப் பயந்து போனைக் கண்டாலே நடுங்கும் பெண்கள் உண்டு. பாட்டு நேரத்தில் போன் ஃபிளைட் மோட்டில் இருக்கட்டும், முடிந்தால் வேறொருவரின் போனில் போடுங்கள். கணவர் வேலைக்குப் போகும்போது போனும் கூடப் போய்விடும் வீடுகளில் பழைய ரேடியோவுக்கு மெமரி காட் அல்லது பென் டிரைவ் போதும்.

சத்தம், இடம், இருப்பு

ஸ்பீக்கர் ஒன்றிரண்டு மீற்றர் தள்ளி இருக்கட்டும். பாட்டு ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் கதைக்க முடிய வேண்டும், முடியாவிட்டால் சத்தம் கூட. 85 டெசிபலுக்கு மேல் நீண்ட நேரம் கேட்கும் சத்தம் கர்ப்பிணிக்கு ஆகாது. திருவிழாக் காலத்தில் கோயில் ஒலிபெருக்கிக்குக் கீழே இருந்து கடலை உடைத்துக்கொண்டு இருப்பதும் இதற்குள் அடங்கும். காதுக்குள் வைக்கும் இயர்போன் என்றால் பாதிச் சத்தத்துக்கு மேல் வேண்டாம்.

வயிற்றில் ஹெட்போன் வைக்காதீர்கள். ஏறக்குறைய 25 வாரத்துக்குப் பின் வெளிச்சத்தம் பிள்ளைக்கு எட்டத் தொடங்குகிறது. ஒலி நீரினூடாகவும் தசையினூடாகவும் போவதால், வயிற்றோடு ஒட்டிய ஸ்பீக்கரில் இருந்து எவ்வளவு சத்தம் உள்ளே போகிறது என்பதை நீங்கள் அறிய முடியாது. மொஸார்ட் கேட்டால் பிள்ளை கெட்டிக்காரனாகும் என்ற கதையையும் விடுங்கள். 1993 இல் வந்த அந்த ஆய்வு பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்தது. அவர்களுக்கும் ஒரு வகைப் புதிரில் சில நிமிடம் நீடித்த சிறு முன்னேற்றம் மட்டுமே. இங்கே பாட்டு தாய்க்காக.

தகரக் கூரை வீடு மத்தியானத்தில் அடுப்பு. பொழுதுபட வேம்புக்குக் கீழே பாயோ சாய்மனைக் கதிரையோ போடுவது நல்லது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழியட்டும், இல்லாவிட்டால் நெஞ்செரிவு வரும். சலம் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள், பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். 20 வாரம் தாண்டியவர் மல்லாந்து படுக்கக் கூடாது. கருப்பையின் பாரம் பெரிய இரத்த நாளத்தை அமுக்கித் தலைசுற்றும். இடப்பக்கம் சரிந்து, முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் இடுப்பு நோவும் குறையும்.

அரை மணித்தியாலம் எப்படிப் போகும்

கொட்டை எண்ணி எழுதியாயிற்று. முதல் பாட்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், கேட்கட்டும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். போர்ப் பயம் உள்ள பலருக்குக் கண்ணை மூடினால்தான் படம் ஓடும். ஒரு செடியையோ விளக்கையோ பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மூன்றாம் பாட்டளவில் மூச்சைக் கவனிக்கலாம். மூக்கால் நாலு எண்ணும் வரை இழுத்து, வாயால் ஆறு எண்ணும் வரை விட வேண்டும். அடக்கி வைத்திருக்கக் கூடாது. தலை கிறுகிறுத்தால் எண்ணுவதை விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடட்டும். எண்ணுவது பிடிக்காதவர்களுக்கு முணுமுணுப்பே போதும். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று பாட்டின் சுருதியில் நீட்டினால், வெளிமூச்சு தானாக நீளும், நெஞ்சில் அதிர்வும் தெரியும். ஐந்து முதல் பத்துத் தரம் செய்யலாம். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கடைசிப் பாட்டு முடிந்ததும் சட்டென்று எழும்ப வேண்டாம். இரண்டு நிமிடம் சும்மா இருந்து, சரிந்தபடியே கையூன்றி எழும்பி, தண்ணீர் குடித்து, மறுபடி கொட்டை எண்ணட்டும்.

தாலாட்டும் ஒப்பாரியும்

முதல் வாரம் கேட்டுப் பழகியவர் இரண்டாம் வாரம் பாடலாம். கேட்பதைவிடப் பாடுவது ஆழமாக வேலை செய்யும். மூச்சு, குரல், சொல் மூன்றும் அவருடையவை. இதற்குக் கரண்டும் வேண்டாம், போனும் வேண்டாம். தாயின் குரல் காற்றால் மட்டுமல்ல, அவருடைய உடம்பினூடாகவும் பிள்ளையைச் சேருகிறது. 1980 இல் வந்த ஆய்வொன்றில் பிறந்து மூன்று நாளுக்குள் இருந்த குழந்தைகள் வேறு பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலைக் கேட்கவே கூடிய நாட்டம் காட்டின.

நாலு வரி போதும். ஒவ்வொரு வரி முடிவிலும் ‘ஆராரோ’ வந்தால் மெட்டு தானே அமையும். மாதிரிக்கு:

இரணைமடுக் காத்து வரும் ஆராரோ – என்
இளநீரே கண்வளராய் ஆராரோ
அம்மம்மா பாய் விரிச்சா ஆராரோ – உன்
அப்பாவும் வந்திடுவார் ஆராரோ

சிக்கல் நாலாவது வரியில் இருக்கிறது. நம் தாலாட்டு உறவுகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிரப்பும் பாட்டு. மாமன் என்ன கொண்டு வருவார், அம்மம்மா என்ன தருவா என்று போகும். வன்னியில் பல வீடுகளில் அந்த மாமன் இல்லை, அல்லது இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. மெட்டும் சதி செய்யும். தாலாட்டின் இழுப்பும் ஒப்பாரியின் இழுப்பும் கிட்டக் கிட்ட நிற்பவை, ஒன்றில் தொடங்கிய குரல் மற்றதுக்குள் வழுக்கிவிடும்.

அப்படி வழுக்கினால் பயப்படாதீர்கள், வாயையும் பொத்தாதீர்கள். ‘பிள்ளைத்தாச்சி அழக்கூடாது’ என்று அதட்டினால், அழுகைக்கு மேலே குற்ற உணர்ச்சியும் சேர்ந்துவிடும். அழுத அழுகை பிள்ளையைக் கெடுக்காது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அழுகை தணிந்து, பெருமூச்சு வந்து, ஆள் தண்ணீர் கேட்டால் அது நல்ல அழுகை. இறந்தவரின் பெயரை வரியில் வைத்துப் பாடுவதா, அந்த உறவையே விட்டுவிட்டு நிலவையும் குளத்தையும் பாடுவதா என்பதைத் தாய் முடிவு செய்யட்டும். காணாமல் போனவரை ‘வந்திடுவார்’ என்று நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள்.

வேறு மாதிரியும் நடக்கலாம். பார்வை ஒரு இடத்தில் குத்திட்டு நிற்கும், உடம்பு விறைக்கும், கூப்பிட்டால் பதில் வராது, அல்லது பங்கருக்குள் இருப்பது போல ஒடுங்குவார். உடனே பாட்டை நிற்பாட்டுங்கள். தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றச் சொல்லுங்கள். இன்றைய திகதி, ஊர், பக்கத்தில் இருப்பவர் யார் என்பதை மெதுவாகச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவலாம், கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் செய்யலாம். அன்றைக்குத் திரும்பப் பாட்டு வேண்டாம். இப்படி வந்தவர் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரோடுதான் இதைத் தொடர வேண்டும். போர் முடிந்த மே 18 ஐயும் மாவீரர் நாளான நவம்பர் 27 ஐயும் ஒட்டிய நாட்களில் கொட்டை எண்ணிக்கை ஏறுவது வழமை. அந்தக் கிழமையில் புதுப் பாட்டு எதையும் பரீட்சிக்காமல் பழகிய இரண்டு மூன்றோடு நில்லுங்கள்.

கிளினிக்கில் குழுவாக

ஆறு முதல் எட்டுப் பேர், கிழமைக்கு ஒரு நாள், முக்கால் மணித்தியாலம். பத்துக்கு மேல் போனால் ஒதுங்கிப் போகிறவரைக் கவனிக்க முடியாது. முதுகு சாயக் கதிரைகளை வட்டமாகப் போடுங்கள். ஐந்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து முணுமுணுக்க, பிறகு ஒவ்வொரு கிழமையும் இருவர் தங்கள் பாட்டைக் கொண்டு வர, கடைசியில் இருந்த இடத்தில் இருந்தே மெல்லக் கைதட்டிக் கும்மி மெட்டு ஒன்று பாடி முடிக்கலாம். பாட விரும்பாதவர் கேட்டுக்கொண்டு இருக்கலாம், அவரிடம் காரணம் கேட்கக் கூடாது. ஒலிவாங்கி வேண்டாம். போனில் படம் பிடித்து முகநூலில் போடுவது முழுக்கத் தடை. ஒரு தாய் அழுத காட்சி வெளியே போனால் அடுத்த கிழமை கதிரைகள் வெறுமையாகிவிடும். முந்திய கருச்சிதைவோ பிள்ளை இழப்போ உள்ளவரைத் தாலாட்டுக் கிழமைக்கு முன் தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்தின் பின்

கொப்பியை எடுத்து ‘முன்’ நிரலை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். பாட்டு முடிந்தவுடன் பாரம் குறைவது எளிது. மறுநாள் தொடங்கும்போதே பாரம் குறைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. எட்டில் தொடங்கியவர் ஐந்துக்கு வந்திருந்தால் தொடருங்கள், சலிப்புத் தட்டாமல் கிழமைக்கு இரண்டு பாட்டை மாற்றுங்கள். அசையாமல் நின்றாலோ ஏறினாலோ குடும்பநல மாதுவிடம் கொப்பியையே காட்டுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் உளநலப் பிரிவுக்கும் அனுப்புவார். வைத்தியர் மருந்து தந்தால், பாட்டை நம்பி அதை நிறுத்தாதீர்கள். கடன் தவணைதான் நித்திரையைக் கெடுக்கிறது என்றால், பாட்டு அன்றிரவு நித்திரைக்கு உதவும், தவணைக்குப் பிரதேச செயலகத்தில்தான் கதைக்க வேண்டும்.

35 வாரமளவில் பிரசவத்துக்கென்று மூன்று பாட்டைத் தனியே தெரிந்து பழகலாம். பிரசவ விடுதியில் போன் விடுவார்களா, துணைக்கு ஒருவர் நிற்கலாமா என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேளுங்கள். விடாவிட்டாலும் முணுமுணுப்பு இருக்கிறது. நோ ஏறும்போது தாடையைத் தளர்த்தி, கீழ்ச்சுருதியில் நீட்டினால் மூச்சு முட்டாது. குரல் கீச்சென்று ஏறினால் தோளும் தொண்டையும் இறுகியிருக்கின்றன என்று அர்த்தம், கீழே இறக்கச் சொல்லுங்கள்.

பிள்ளை பிறந்த பின்னும் அதே நாலு வரியைப் பாடுங்கள், புதிது தேட வேண்டாம். பிரசவத்துக்குப் பின்னான முதல் ஆறு கிழமையும் கொட்டை எண்ணும் பழக்கத்தை விடாதீர்கள். கர்ப்பத்தில் மனம் சோர்ந்தவருக்கு அந்தச் சோர்வு பிறகும் வருவதற்கு வாய்ப்புக் கூட. வீட்டுக்குப் பார்க்க வரும் குடும்பநல மாது பிள்ளையின் நிறையை எழுதும்போது, இந்தக் கொப்பியையும் அவர் கையில் கொடுங்கள்.